ரப்பர் பேண்ட் போட்ட தண்ணீர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் நீல நிற ஸ்டீல் பாட்டில் ஒன்று இருக்கிறது. அதன் வயிற்றில் அவர் பெயர் வெட்டியிருக்கிறது. அங்கே இருப்பது போதும். வெட்டச் சொன்ன புத்திசாலி நான்தான்.

போன மாதம் என் மகள் ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கீழே இறக்கினாள். அவளுக்கு இப்போது பிளாஸ்டிக் ஆகாது. "அம்மா, சூப்பரா இருக்கு, கடையில கூட இப்படி ஸ்டைலா கிடைக்கல, காலேஜுக்கு எடுத்துட்டுப் போகட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். ஏதோ முணுமுணுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவளிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், தி. நகரில் ஒரு கூரியர் கம்பெனியின் கிளை ஆபீஸில் எனக்கு முதல் வேலை. ஊரின் பெயர் மாறிய சமயம். பழைய ரப்பர் ஸ்டாம்புகளில் மெட்ராஸ் இருந்தது, புதியவற்றில் சென்னை வந்தது, இரண்டும் ஒரே டப்பாவில் கிடந்து எங்களைப் பாடாய்ப் படுத்தின. இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் உஸ்மான் ரோட்டின் இரைச்சல், மூடினால் கோந்து வாசனை. எனக்கு எதிர் மேஜை அவருடையது. நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் புடவை, சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கணவர் இறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. நாங்கள் எல்லோரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டோம்.

வந்து சேரும் பார்சல்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. ஒரு கவரை எடுத்தால் நாலு மூலையையும் விரலால் தடவுவார். ஒட்டிய இடத்தை டியூப் லைட்டுக்கு நேரே பிடிப்பார். பிறகு காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்ப்பார். வழியில் பிரித்து மறுபடி ஒட்டிய பார்சல் எதுவும் அவரைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

"கோந்து ரெண்டு கலர்ல இருக்கு பாருடீ. ஒண்ணு அனுப்பிச்சவா போட்டது, இன்னொண்ணு எவனோ வழியில போட்டது" என்று என்னிடம் நீட்டுவார். நான் எத்தனை உற்றுப் பார்த்தாலும் எனக்கு ஒரே கலராகத்தான் தெரியும்.

அந்தக் கண்ணோடுதான் தண்ணீரையும் பார்த்தார்.

அவரிடம் ஒரு கண்ணாடி பாட்டில் இருந்தது. எப்போதோ பழரசம் வந்த பாட்டில். நீளக் கழுத்து, திருகு மூடி. வயர் கூடை பின்னுவோமே, அந்தப் பச்சையும் வெள்ளையுமான வயரில் அதற்கு ஒரு உறை பின்னி, தோளில் மாட்டிக்கொள்ள வாரும் வைத்திருந்தார். உறையில் பெரிய பெரிய ஜன்னல்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் நாலு பக்கமும் தெரியும். அவர் மாடிப்படி ஏறி வரும்போது அது இடுப்பில் ஆடிக்கொண்டு வரும், வெயில் பட்டால் மினுங்கும். எனக்கு அதன்மேல் ஒரு கண். அதே மாதிரி எனக்கும் பின்னித் தரச் சொல்லி நச்சரித்திருக்கிறேன்.

அவரோடு ஒரு மாதம் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று கவனித்தேன். நாங்கள் எல்லோரும் வீட்டிலிருந்து ஆபீசுக்குத் தண்ணீர் கொண்டுவருவோம். அவர் ஆபீசிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோவார். சாயங்காலம் ஐந்தரைக்குப் பை எடுக்கும் முன்னால் ஆபீஸ் மூலையில் இருந்த மண்பானைக்குப் போய், பாட்டிலைக் கழுத்துவரை நிரப்புவார். மூடியை இறுக்குவார். மறுநாள் காலையில் மிச்சத்தோடு வருவார்.

அதோடு அந்த ரப்பர் பேண்ட். கடிதக் கட்டுக்குப் போடும் சாதாரண சிவப்பு ரப்பர் பேண்ட். பாட்டிலைச் சுற்றி, தண்ணீர் எங்கே நிற்கிறதோ சரியாக அந்த மட்டத்தில் மாட்டியிருப்பார். இரண்டு மடக்கு குடித்தால் ரப்பர் பேண்டையும் இரண்டு விரல் கீழே இறக்குவார். ஒவ்வொரு தடவையும். எங்கள் அட்டெண்டர் ஏழுமலைக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு அடங்காது.

"இன்னா மேடம், தண்ணிக்கு அரணாக்கயிறு கட்டி வுட்டுக்கீறீங்க?"

"காணாமப் போயிடாம இருக்கத்தான் ஏழுமலை."

"தண்ணியை யாரு மேடம் திருடப் போறான்?"

"எடுத்துண்டா போறான்னு விட்டுடலாம்" என்றார் அவர். நாங்களும் ஜோக் என்று நினைத்துச் சிரித்தோம்.

அந்த வருஷம்தான் எங்கள் மேனேஜர் வாடிக்கையாளர்களுக்கென்று மினரல் வாட்டர் வாங்கிவைக்க ஆரம்பித்தார். அப்போது அது பெரிய ஜம்பம். வந்தவர்கள் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போவார்கள். காலி பாட்டில்கள் படிக்கட்டுக்கு அடியில் குவிந்தன. மேடத்துக்கு அந்தக் குவியலைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "ஒரு வாய் குடிச்சுட்டுத் தூக்கிப் போடறதுக்கு ஒரு பாட்டிலா? நம்மளையெல்லாம் எரிச்சு முடிச்சப்புறமும் இது இப்படியே கெடக்கும்" என்பார். எதையும் இரண்டாக வைத்துக்கொள்ள மாட்டார். ஒரு பேனா, ஒரு குடை, ஒரு பாட்டில். இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பது அவர் கட்சி. அந்தக் குணத்தை நான் அப்போது ரொம்ப மெச்சினேன்.

ஏழுமலை அந்தக் காலி பாட்டில்களை வீட்டுக்கு எடுத்துப்போவார். கிருஷ்ணாயில் ஊற்றிவைக்க. அது தெரிந்த அன்று மேடம் எழுந்தே நின்றுவிட்டார்.

"வேண்டாம் ஏழுமலை. ஜலம் வந்த பாட்டில்ல வேற எதையும் ஊத்தாதே."

"நம்ம வூட்ல அல்லாருக்கும் தெரியும் மேடம்."

"தெரியும்னுதான் எல்லாரும் சொல்றா. தாகத்துல கை நீட்டறவாளுக்கு எல்லாமே ஜல பாட்டில்தான்."

அவர் குரலில் இருந்த நடுக்கம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. சந்தேக வியாதி என்று பின்னால் பேசிக்கொண்டோம். பேசியவர்களில் நானும் ஒருத்தி. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

காலையில் வந்ததும் அவர் முதலில் செய்வது, பாட்டிலில் மிச்சமிருப்பதை வாஷ்பேசினில் கொட்டுவது. ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற காலம். எனக்கு மனசு கேட்காது. ஒருநாள், "படிக்கட்டுல குரோட்டன்ஸ் செடி காஞ்சு கிடக்கு மேடம், அதுக்காவது ஊத்தலாமே" என்றேன்.

"செடி என்னடீ பாவம் பண்ணித்து?" என்றார்.

ஒரு திங்கட்கிழமை. வந்தவர் பாட்டிலை உறையிலிருந்து உருவி என் மேஜைமேல் வைத்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பார்த்தேன். ரப்பர் பேண்ட் இருந்தது. தண்ணீர் அதற்கு மேலே ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

"கொறைஞ்சிருந்தா யாருக்கோ தாகம்னு வச்சுக்கலாம்" என்றார் மெதுவாக. "ஏறியிருக்கு."

"ரப்பர் பேண்ட் நழுவியிருக்கும் மேடம்."

"ரப்பர் பேண்ட் கீழ நழுவுமாடீ, அவ்வளவு இறுக்கமா இருக்கறது?"

பார்சல் வண்டி வந்துவிட்டது, நான் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் பாட்டிலைச் சுடுதண்ணீரில் மூன்றாவது தடவை அலம்பிக்கொண்டிருந்தார்.

அந்தப் பாட்டிலை உடைத்தவள் நான். மாதக் கடைசி, மூட்டை மூட்டையாகப் பைகள். ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன், அது மேஜையை இடித்தது, பாட்டில் தரையில் விழுந்து சுக்குநூறானது. நான் அழுதே விட்டேன். அவர் குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினார். ரப்பர் பேண்டை எடுத்துத் துடைத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். "போனாப் போறது, அழாதே" என்றார். ஆனால் அன்று சாயங்காலம் கிளம்பும்போது மண்பானைக்கு எதிரில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

மறுநாள் காலையில் உதடு வெடித்து வந்தார். உட்காரக்கூட இல்லை. பானையிலிருந்து மூன்று டம்ளர் எடுத்து, ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் குடித்தார்.

"ராத்திரி தண்ணி குடிக்கலையா மேடம்?"

"பாட்டில் இல்லையே."

"வீட்ல டம்ளர் இல்லையா?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கன்னத்தில் குழி விழவில்லை.

அன்று சனிக்கிழமை, அரைநாள்தான். வாங்க, நானே புதுசு வாங்கித் தருகிறேன் என்று பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனேன். பனகல் பார்க் பக்கத்தில் நாலு மாடிப் பாத்திரக் கடை. மேடம் பாட்டில் தேர்ந்தெடுத்ததைப் பார்த்திருக்க வேண்டும், கல்யாணத்துக்கு வைரத்தோடு எடுப்பவர்கள்கூட அத்தனை பார்க்க மாட்டார்கள். ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து முகர்ந்தார். கழுத்துக்குள் விரலை விட்டுத் தடவினார். மூடியைத் திருகி, எத்தனை சுற்றில் இறுகுகிறது என்று வாய்க்குள் எண்ணினார். கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது.

"மேடம், இதைப் பாருங்க. லேட்டஸ்ட் மாடல். வெளியே நீலப் பூச்சு, உள்ளே அசல் ஸ்டீல். உங்க பேரப்பிள்ளை காலம் வரைக்கும் வரும்."

"உள்ள இருக்கறது தெரியாதே?"

"தண்ணியில என்ன மேடம் தெரியணும்?"

"ஜலம் தெரியணும்" என்றார் அவர்.

கண்ணாடி மாதிரியே இருக்கும் என்று ஒரு பிளாஸ்டிக்கைக் காட்டினார் கடைக்காரர். மேடம் முகர்ந்துவிட்டுத் திருப்பி வைத்தார். ஆறு மாதத்தில் மங்கிவிடும், பிறகு குப்பை என்றார். கடைசியில் ஃபிரிட்ஜில் வைக்கும் கனமான கண்ணாடி பாட்டில் ஒன்று அவருக்குப் பிடித்தது. மூடி மட்டும் சரியாக இறுகவில்லை. கார்க் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று மேல்மாடிக்குப் போனார்.

நான் கீழே நின்றேன். கையில் கண்ணாடி, எதிரே நீலம். எனக்கு அந்த நீலம்தான் பிடித்திருந்தது, அதுதான் உண்மை. அதோடு, உடைத்த குற்றத்துக்கு உடையாத பொருளாகக் கொடுக்க வேண்டும் என்றும் தோன்றியது. பில் போடச் சொல்லிவிட்டேன். "பேர் வெட்டணுமா?" என்று கேட்டார்கள். பாத்திரம் வாங்கிப் பெயர் வெட்டாமல் யாராவது வருவார்களா? படிக்கட்டுக்கு அடியில் ஒருவர் சின்ன மெஷினோடு உட்கார்ந்திருந்தார். கிர்ரென்று இரண்டே நிமிஷம். மேடம் பெயர், அதற்குக் கீழே அன்புடன் என்று என் பெயர்.

அவர் கார்க்கோடு இறங்கி வந்தார். நான் பெருமையாக நீட்டினேன். அவர் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். பெயர் வெட்டிய பொருள் திரும்ப வாங்கப்படாது.

"அந்தக் கண்ணாடியும் வாங்கிடலாமா மேடம்?"

"இருக்கறச்சே இன்னொண்ணு எதுக்கு. ஆசையா பேர் வேற வெட்டியிருக்கே" என்றார். கார்க்கைத் திரும்ப வைத்துவிட்டார்.

பனகல் பார்க்குக்குள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திருகித் திருகி மூடினார். பிறகு சொன்னார். வீடு மாமனார் கட்டியது. இரண்டு பிள்ளைகளுக்கும் பாதிப் பாதி. மூத்தவரான இவர் கணவர் போய்விட்டதால் அந்தப் பாதி இவருக்கு. கீழே மச்சினரும் ஓர்ப்படியும், மாடியில் ஒரு அறையில் இவர். பிளாட் கட்டுகிறவர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். தன் பங்கு வேண்டாம் என்று இவர் எழுதிக் கொடுத்தால் எல்லாம் உடனே நடக்கும். இவர் கொடுக்கவில்லை.

"அதைக் குடுத்துட்டு நான் எங்கடீ போவேன்? அதுக்கப்புறம்தான் எல்லாம் ஆரம்பிச்சுது. என் ரூம் தாழ்ப்பாளைக் கழட்டிட்டா. தனியா இருக்கேனாம், ஏதாவது ஆச்சுன்னா கதவைத் திறக்க முடியாதாம், அக்கறை. சமையல் நானே தனியாப் பண்ணிக்கறேன், உப்பா இருந்தாலும் அதுக்குக் கிணத்து ஜலம் போறும். குடிக்கற ஜலம் மட்டும் கீழ, அவ சமையலறைல. ரெண்டு தடவை கசந்துது. ரெண்டு தடவையும் படுத்துட்டேன்."

"நீங்க சொல்றது சீரியல் மாதிரி இருக்கு மேடம்" என்றேன் நான். சிரித்துக்கொண்டே சொன்னேன். நல்ல குடும்பம், படித்தவர்கள், மச்சினர் பேங்கில் வேலை. அப்படியெல்லாம் நடக்குமா?

"நடக்காது. நானும் அப்படித்தான் சொல்லிக்கறேன்" என்றார். பிறகு, "யார்கிட்டயாவது சொன்னா இதையேதான் சொல்றா. ஒருநாள் கையும் களவுமா ஒரு சொட்டு ஜலம் என்கிட்ட மாட்டட்டும்" என்றார்.

நீல பாட்டிலுக்கு ரப்பர் பேண்ட் போட்டுப் பயனில்லை. அதனால் ஒரு ஈர்க்குச்சியைச் சீவி வைத்துக்கொண்டார். ராத்திரி அதை உள்ளே விட்டு, நனைந்த இடத்தில் நூல் கட்டுவார். காலையில் மறுபடி விட்டுப் பார்ப்பார். அது போதாதென்று பாட்டிலைக் காதருகே வைத்து ஆட்டுவார், பார்சலை ஆட்டுகிற மாதிரி. சத்தத்தை வைத்து எவ்வளவு இருக்கிறதென்று சொல்லிவிடுவார். ரப்பர் பேண்ட் மட்டும் மணிக்கட்டிலேயே இருந்தது.

மூன்று வாரம் ஓடியிருக்கும். ஒரு திங்கட்கிழமை அவர் வந்ததும் வாஷ்பேசினுக்குப் போகவில்லை. பாட்டிலை நேராக டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண்ணில் என்னவோ ஒரு தெளிவு. பதினொரு மணிக்கு எழுந்து பாத்ரூம் பக்கம் ஓடினார். சத்தம் கேட்டு நான் போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். நானும் ஏழுமலையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆட்டோவில் என் கையில் டிராயர் சாவியைத் திணித்தார்.

"பாட்டில் உள்ள இருக்கு. யார்கிட்டயும் குடுக்காதே. நான் கேக்கறச்சே நீயே கொண்டு வா."

சரி மேடம், சரி மேடம் என்றேன். அதற்குள் அவருக்குக் கண் செருகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் மச்சினர் ஆபீசுக்கு வந்தார். நெற்றியில் சந்தனம், கையில் பழப்பை, அத்தனை மரியாதை. எங்களுக்கெல்லாம் நன்றி சொன்னார். மன்னி ஏதோ ஹோட்டலில் சாப்பிட்டிருப்பாள், டாக்டரும் அப்படித்தான் சொல்கிறார் என்றார். கிளம்பும்போது திரும்பி நின்றார்.

"மன்னியோட ஜல பாட்டில் இங்கதான் இருக்காமே? நீலக் கலர். குடுத்தேள்னா எடுத்துண்டு போயிடறேன். ஆஸ்பத்திரில வேண்டியிருக்கு."

"இங்க இல்லை சார்" என்றேன்.

"டிராயர்ல இருக்குமோ?"

"சாவி மேடத்துக்கிட்டதான் சார் இருக்கு."

அவர் சிரித்தார். என் மேஜைமேல் இரண்டு ஆப்பிள் வைத்துவிட்டுப் போனார். ஒரு தண்ணீர் பாட்டிலுக்காக ஒரு மனிதர் பேங்குக்கு லீவு போட்டுவிட்டு மயிலாப்பூரிலிருந்து இவ்வளவு தூரம் வருவாரா? அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மேடம் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமையில் இருந்தேன். ஆப்பிளை ஏழுமலையோடு பங்கு போட்டுத் தின்றும் விட்டேன்.

அன்று சாயங்காலம் மேடம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணச் சொல்லியிருந்தார். நர்ஸ் பேசினார். நாளைக்கு அந்தப் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்கிறார் என்றார். நான் டிராயரைத் திறந்து அதை எடுத்து, ஒரு துணியில் சுற்றி, சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

காலையில் குளித்துவிட்டு மூடியைத் திறந்தேன். இரண்டு நாள் அடைத்துக் கிடந்த தண்ணீர். ஒரு மாதிரி வாடை வந்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டு தொட்டியில் கொட்டினேன். நோயாளிக்குப் போகிற பாட்டில் ஆயிற்றே என்று கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டு, சோப்புத் தூள் போட்டு, பிரஷ் விட்டுத் தேய்த்தேன். வாடை போகவில்லை. புளி போட்டு மறுபடி தேய்த்தேன். மொட்டைமாடி வெயிலில் கவிழ்த்து வைத்தேன். இத்தனை சிரத்தையாக நான் எங்கள் வீட்டுப் பாத்திரத்தைக்கூடத் தேய்த்ததில்லை.

கிளம்பும்போது அம்மா பார்த்தாள்.

"ஏண்டி, அடுத்தவங்க ஏனத்தை வெறுசாவா கொண்டுபோய்க் குடுப்பே? அதுவும் உடம்பு சரியில்லாதவங்களுக்கு?"

டப்பாவைத் திறந்து ஒரு கை கல்கண்டு அள்ளிப் போட்டு மூடினாள். எங்கள் வீட்டில் யாருடைய பாத்திரத்தையும் அழுக்காகவோ காலியாகவோ திருப்பியதில்லை.

வார்டில் கடைசிக் கட்டில். மேடம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம். என் பையைப் பார்த்ததும் முகத்தில் உயிர் வந்தது.

"யாரும் தொடலியே?"

"இல்ல மேடம். உங்க மச்சினர் வந்து கேட்டாரு. இல்லைன்னுட்டேன்."

"சமத்து." என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னோட காலேஜ்ல படிச்சவ ஒருத்தி கிண்டியில லேப்ல இருக்கா. நாலு மணிக்கு வரேன்னிருக்கா. ஜலத்தைக் குடுத்தா பாத்து, என்ன இருக்குன்னு எழுதியே குடுத்துடுவா. இந்தத் தடவை நான் கொட்டலைடீ. ஒரு வாய்தான் உள்ள போச்சு, கசந்ததும் அப்படியே மூடிட்டேன். அந்தக் காகிதம் கையில இருந்தா நான் அந்த ஆத்துக்குத் திரும்பிப் போக வேண்டாம். போலீஸ்னா போலீஸ். இனிமே யாரும் என்னைப் பைத்தியம்னு சொல்ல முடியாது."

பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன், நீட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டேன். அவர் பாட்டிலை வாங்கினார். வழக்கம்போல் காதருகே கொண்டுபோய் மெல்ல ஆட்டினார்.

கல்கண்டு கலகலவென்று சத்தம் போட்டது.

அவர் மறுபடி ஒரு தடவை ஆட்டினார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அலம்பிட்டியா?"

நான் தலையாட்டினேன்.

"நன்னா?"

"புளி போட்டு மேடம்" என்றேன். அதைச் சொன்ன என் வாயை அடிக்க வேண்டும்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேனோ என்னவோ. மூடியைத் திருகினார், எத்தனை சுற்று என்று வாய்க்குள் எண்ணியபடி. அப்போது வார்டு வாசலில் ஓர்ப்படி வந்துகொண்டிருந்தாள். கையில் கஞ்சிப் பாத்திரம், ஸ்பூன், துண்டு. பார்க்கிறவர்கள் எல்லாரும் கூடப் பிறந்த அக்கா தங்கை என்று நினைப்பார்கள். "மன்னி, ரெண்டு வாயாவது குடியுங்கோ" என்று கட்டிலில் உட்கார்ந்து, துண்டை மேடத்தின் மார்பில் விரித்தாள். மேடம் ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. நான் எழுந்து வெளியே வந்து வராந்தாவில் நின்று அழுதேன்.

நாலு மணிக்கு வந்த சிநேகிதியை நான்தான் வாசலில் பார்த்தேன். கைப்பையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி கொண்டுவந்திருந்தார். அதை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

அந்தத் தண்ணீரில் ஏதாவது இருந்ததா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியைத் தொட்டியில் கொட்டியவள் நான். சில நாள், ஒன்றும் இருந்திருக்காது, எல்லாம் அவர் மனப்பிரமை என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். அந்த வாடை நினைவு வரும். அதோடு சமாதானம் போய்விடும்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மேடம் ஆபீசுக்கு வந்தார். வேலைக்கு இல்லை. ராஜினாமா கடிதத்தை மேனேஜரிடம் கொடுத்தார். பெங்களூரில் தங்கை வீட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கீழே மச்சினர் ஸ்கூட்டரோடு நின்றுகொண்டிருந்தார். மேடத்தின் தோளில் எதுவும் தொங்கவில்லை. தன் மேஜைக்கு வந்து பேனாவையும் குடையையும் எடுத்துக்கொண்டார். நீல பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நீயே வச்சுக்கோ. நன்னாத்தான் இருக்கு, ஸ்டைலா."

"மேடம், என்னை மன்னிச்சிடுங்க."

"நீ என்னடீ பண்ணுவே. நல்லவா எல்லாரும் அலம்பித்தான் குடுப்பா" என்றார்.

மணிக்கட்டிலிருந்து அந்த ரப்பர் பேண்டைக் கழற்றினார். என் மேஜையில் இருந்த ரப்பர் பேண்ட் டப்பாவில் மற்றவற்றோடு போட்டார். வெயிலில் நடந்து வந்ததால் தாகமாக இருந்திருக்க வேண்டும். நேராக மண்பானைக்குப் போனார். யாரோ குடித்துவிட்டு வைத்திருந்த டம்ளரை எடுத்தார், முக்கினார், மடக் மடக்கென்று குடித்தார். இன்னொரு டம்ளர் முக்கி அதையும் குடித்தார். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

நான் பார்த்துக்கொண்டிருப்பதை உணர்ந்து, புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். இனிமே பயமில்லை."

படியிறங்கிப் போனார். அவர் செருப்புச் சத்தம் முதல் மாடி தாண்டும்வரை கேட்டது. பானைக்குப் பக்கத்தில் ஏழுமலை அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"மேடம் பாக்காமயே குட்ச்சிட்டாங்க" என்றார்.